இரண்டு நிரல்களில் அடங்காத பிள்ளைகள்

ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பாடசாலையிலும் புதிய இடாப்புத் திறக்கப்படுகின்றது. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றோடு, ஆணா பெண்ணா என்னும் குறிப்பும் அதில் பதியப்படுகின்றது. எழுதும் ஆசிரியர் அதனைப் பற்றிச் சிந்திப்பதில்லை. சிந்திக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் எழுவதில்லை. மிகப் பலருக்கு அந்த ஒரு சொல் வாழ்நாள் முழுவதும் பொருந்தி நிற்கின்றது. சிலருக்கு அது பொருந்துவதில்லை. அச் சிலரைப் பற்றியே இன்று நேயர்களோடு பேச விழைகின்றேன்.

இப்பொருளைப் பற்றி நம்மிடையே ஏளனம் உண்டு, அச்சமும் உண்டு, தெளிவுதான் குறைவு. பல வேறு செய்திகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதே அதற்குக் காரணம். ஆகவே முதலில் நான்கு சொற்களைப் பிரித்து அறிந்துகொள்வோம்.

முதலாவது, உடலின் பால். பிள்ளை பிறந்தவுடன் மருத்துவமாது உடலுறுப்பைப் பார்த்துச் சொல்வது அது. இரண்டாவது, பாலின அடையாளம். தான் ஆண் என்றோ, பெண் என்றோ, இரண்டுமன்று என்றோ ஒருவர் தம் உள்ளத்தில் உணர்வது அது. மூன்றாவது, பாலின வெளிப்பாடு. உடை, நடை, பேச்சு, தலைமயிர், விளையாட்டு ஆகியவற்றால் வெளியே தெரிவது அது. நான்காவது, பாலீர்ப்பு. ஒருவருடைய மனம் காதலால் யாரை நாடுகின்றது என்பதே அது. இந் நான்கும் பெரும்பாலானோரிடத்து ஒரே வரிசையில் அமைந்திருப்பதால், அவை ஒன்றே என்று நாம் எண்ணிவிடுகின்றோம். உண்மையில் அவை வேறு வேறானவை.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகின்றேன். நம் யாழ்ப்பாணத்துக் கூத்து மேடையில் பெண் வேடத்தை ஆடவரே நெடுங்காலம் தாங்கி வந்தனர். சேலை உடுத்து, காப்பணிந்து, குரலை மென்மையாக்கிச் சந்திரமதியாய் நின்று அழுத கலைஞர், விடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குத் தந்தையாகவே திரும்பினார். அங்கே மாறியது வெளிப்பாடு மட்டுமே, அடையாளம் மாறவில்லை. இதற்கு மறுதலையாக, ஒருநாளும் சேலையைத் தொடாத ஒருவர், தாம் ஆண் அல்லர் என்பதை உள்ளே உணர்ந்து வாழ்தல் கூடும். அங்கே வெளிப்பாடு மாறவில்லை; அடையாளம் வேறாய் உள்ளது. ஆகவே மரம் ஏறும் சிறுமியையும் கோலம் போடும் சிறுவனையும் கண்டவுடன் முடிவு கட்டுதல் தவறு. அவர்களுட் பலர் மரம் ஏறும் பெண்களாகவும் கோலம் போடும் ஆண்களாகவும் இன்பமாக வளர்ந்து விடுவர்.

பிறக்கும்போதே உடலுறுப்போ நிறமூர்த்தமோ ஆண், பெண் என்னும் வழக்கமான அமைப்பில் இல்லாதவரை ஊடுபாலினர் என்கின்றனர். அது உடலைப் பற்றியது. ஆண் எனப் பதியப்பட்டுப் பெண்ணாகத் தம்மை உணர்பவரைத் திருநங்கை என்றும், பெண் எனப் பதியப்பட்டு ஆணாக உணர்பவரைத் திருநம்பி என்றும் இன்று மதிப்போடு வழங்குகின்றோம். இவ்விரு சாராரும் ஒரு நிரலிலிருந்து மற்றை நிரலுக்குச் செல்ல விழைபவர். இன்னொரு சாரார் உளர். அவர்கள் தம்மை எந்த நிரலிலும் காண்பதில்லை. சிலர் இரண்டும் தாமே என்பர். சிலர் இரண்டும் தாம் அல்லர் என்பர். சிலருக்கு அவ்வுணர்வு காலத்துக்குக் காலம் மாறும். இவர்களை இருமைசாராப் பாலினத்தவர் எனலாம். இவர்களுடைய பாலீர்ப்பு ஆணை நோக்கியதாகவோ, பெண்ணை நோக்கியதாகவோ, இருசாராரையும் நோக்கியதாகவோ இருக்கலாம். எவரையும் நாடாததாகவும் இருக்கலாம். அடையாளம் ஒன்று, ஈர்ப்பு வேறொன்று என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இத்தகைய பிள்ளை ஒன்று நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஊர்காவற்றுறையிலோ வளர்வதாக எண்ணிக்கொள்வோம். சிறு வயதில் பெருந்துன்பம் இராது. மண்ணில் விளையாடும் பருவத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே திரிவர். யாழ்ப்பாணத்துத் தாயார் மகனையும் “பிள்ளை” என்றே அழைப்பார், மகளையும் “பிள்ளை” என்றே அழைப்பார். அந்தச் சொல்லுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் இடம் இருக்கின்றது.

பத்து, பன்னிரண்டு வயதில் அந்த இடம் சுருங்கத் தொடங்குகின்றது. வகுப்பில் இரு வரிசைகள்; சீருடையில் இரு வகை; இல்ல விளையாட்டுப் போட்டியில் இரு பிரிவு. உடலும் தன் போக்கில் மாறுகின்றது. ஒரு பிள்ளைக்குக் குரல் உடைந்து மீசை அரும்புகின்றது. இன்னொரு பிள்ளை பருவம் எய்துகின்றது. சாமத்தியச் சடங்குக்கு ஊரே அழைக்கப்படுகின்றது. வெளிநாட்டிலிருந்து மாமன்மார் வருகின்றனர், பந்தல் எழுகின்றது, படப்பிடிப்பாளர் வருகின்றார். பட்டுச் சேலையும் நகையும் பூவும் சுமந்து அந்தப் பிள்ளை மணவறையில் இருக்கின்றது. பெற்றோருக்கு அது பெருமையின் நாள். அவர்களுடைய அன்பைப் பற்றி ஐயமே இல்லை. ஆயினும், தன்னைப் பெண் என்று உணராத பிள்ளைக்கு, “நீ இதுதான்” என்று ஊரறியத் தீர்ப்புக் கூறிய நாளாக அது அமைந்துவிடுகின்றது. அப்பிள்ளை அழுதால், வெட்கம் என்று நாம் பொருள் கொள்ளுகின்றோம். உண்ணாதிருந்தால் களைப்பு என்கின்றோம். காரணத்தைச் சொல்ல அப்பிள்ளையிடமும் சொல் இல்லை. கேட்க நம்மிடமும் சொல் இல்லை.

சொல் இல்லாமையே இத்துன்பத்தின் பாதி எனலாம். தனக்கு நேர்வது உலகில் வேறொருவருக்கும் நேரவில்லை என்று ஒரு பிள்ளை நம்பிவிடுமாயின், அத்தனிமை கொடியது. தீவகத்தில் அது இன்னும் கொடியது. நகரத்தில் ஒருவர் கூட்டத்தில் மறைந்துவிடலாம். தீவில் இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்திருப்பவர் அனைவரும் உறவினர், அல்லது உறவினரை அறிந்தவர். பிள்ளை எங்கே போகின்றது, எதற்குப் போகின்றது என்னும் கேள்விக்கு விடை கூறாமல் கடலைத் தாண்ட இயலாது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். அதன்பின் புங்குடுதீவு, வேலணை வழியாகப் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணத்துக்குப் பேருந்துப் பயணம். உளநல மருத்துவ நிபுணரைக் காண்பதற்குப் பெரும்பாலும் அவ்வளவு தூரம் செல்லல் வேண்டும். நாள் ஒன்று கழியும். ஊரில் பேச்சு ஒன்று பிறக்கும்.

இவையெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று கூறுவார் உளர். தமிழ் இலக்கணம் படித்தோர் அவ்வாறு கூற இயலாது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், உயர்திணை, அஃறிணை என்னும் பகுப்போடு தொடங்குகின்றது. அந்தக் கிளவியாக்கத்தின் முதற் சில நூற்பாக்களிலேயே, ஆண்மை திரிந்து பெண்மை சுட்டி நிற்கும் மாந்தரைக் குறிக்கும் பெயர் பேசப்படுகின்றது. அவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணைக்குரிய ஈறுகளாலேயே வழங்குவர் என்பது அதன் கருத்து. அதே நூற்பாவில் அவர்களோடு சேர்த்துக் கூறப்படுவன தெய்வப் பெயர்கள். இலக்கண ஆசிரியர் இவர்களை மாந்தரல்லர் என ஒதுக்கவில்லை; உயர்திணையில் வைத்தார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்ததாகக் கருதப்படும் நன்னூல் இன்னும் நுட்பமான ஒரு விதியைத் தருகின்றது. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலாகவும் சொல்லுக என்கின்றார் பவணந்தி முனிவர். பிறந்த உடலைக் கொண்டன்று, அவாவிய நிலையைக் கொண்டே சொல்லை அமைக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படுகின்றது. அதே நூற்பா, இவர்களை அஃறிணை போலவும் வழங்கலாம் எனக் கூறி முடிகின்றது. அம்முடிபை இன்று நாம் ஏற்க இயலாது. பழையன அனைத்தையும் கைக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்தன்று; இத்தகைய மாந்தர் நம்மிடையே எக்காலத்தும் வாழ்ந்தனர், நம் மொழி அவர்களை அறிந்திருந்தது என்பதே நான் காட்ட விரும்புவது.

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் பேடிக்கூத்தும் ஒன்று. பாரதத்தில் அருச்சுனன் பிருகன்னளையாக விராடன் அரண்மனையில் ஓராண்டு வாழ்ந்தான். சைவ மக்களாகிய நாம் அர்த்தநாரீசுவரரை வணங்குகின்றோம். ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். கோயிலில் கும்பிட்ட கை, தெருவில் கல்லெறிதலும் உண்டு. பழம் பெருமையைப் பேசுவதால் மட்டும் ஒரு பிள்ளையின் துயர் தீர்ந்துவிடாது.

இனி, சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்டது. அதன் 365, 365அ ஆகிய பிரிவுகள், ஒரே பாலார் இருவரிடையே நிகழும் உடலுறவைக் குற்றமாக்கப் பயன்படுகின்றன. முன்னர் ஆடவரை மட்டுமே சுட்டிய 365அ பிரிவு, 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் பெண்டிரையும் உள்ளடக்கியது. இப்பிரிவுகள் சுட்டுவது செயலையே. ஒருவர் இன்னார் என்று தம்மை உணர்வதும் கூறுவதும் குற்றமல்ல. எனினும், சட்டத்தின் நிழல் சட்டத்தினும் நீண்டது. குற்றவாளி எனப் பெயர் வாங்குவோமோ என்னும் அச்சம், உதவி நாட வேண்டியவரையும் வாய் மூடச் செய்கின்றது.

இப்பிரிவுகளைத் திருத்துவதற்கான தனிநபர் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அது அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. ஆனால் அச்சட்டமூலம் நிறைவேறாமலே 2024 செப்டெம்பரில் அந்தப் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அதற்கு முன், பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு, ரோசன்னா ஃபிளேமர்-கல்தேரா என்னும் இலங்கைப் பெண்மணியின் முறைப்பாட்டை ஆராய்ந்து, இச்சட்டம் அவருடைய உரிமைகளை மீறியது என 2022 இல் முடிவு தெரிவித்திருந்தது.

பாலின மாற்றத்தைப் பொறுத்தவரை நம் நாடு ஒரு படி முன்சென்றது. 2016 இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, உளநல மருத்துவ நிபுணரின் மதிப்பீட்டின் பின் பாலின அங்கீகாரச் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். அதனைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்தவும், அடையாள அட்டையை மாற்றவும் வழியுண்டு. இது திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் பெரும் உதவி. ஆனால் இவ்வழி ஒரு நிரலிலிருந்து மற்றை நிரலுக்கே செல்கின்றது. இரண்டிலும் சேராதவருக்கு அங்கே இடமில்லை.

அடையாள அட்டையைப் பற்றி நேயர் பலர் கவனித்திராத ஒரு செய்தியைச் சொல்கின்றேன். அதன் இலக்கத்திலேயே ஒருவருடைய பால் பொதிந்துள்ளது. பிறந்த ஆண்டை அடுத்து வரும் மூன்று இலக்கங்கள், அவர் ஆண்டின் எத்தனையாவது நாளிற் பிறந்தார் என்பதைக் குறிக்கும். பெண் எனின் அத்தொகையோடு 500 கூட்டப்படும். ஆகவே அவ்விலக்கத்தை எழுதும்தோறும், வங்கியிலும் பரீட்சை மண்டபத்திலும் வேலைத்தலத்திலும் ஒருவர் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ அறிவித்துக்கொண்டே இருக்கின்றார். பதினைந்து வயதில் பாடசாலைப் பிள்ளைகளின் அடையாள அட்டை விண்ணப்பங்களை உறுதிப்படுத்துபவர் அதிபர்தாம். அந்தப் படிவங்களில் ஒப்பமிடும்போது, இந்த ஐந்நூறு எந்தப் பிள்ளைக்குப் பாரமாகுமோ என்று நான் நினைப்பதுண்டு.

அயலில் நிகழ்ந்தவற்றையும் நோக்குதல் தகும். தமிழ்நாட்டு அரசு 2008 இல் திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. 2014 ஏப்ரல் 15 இல் இந்திய உச்ச நீதிமன்றம், ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்பவற்றுள் தம் பாலினத்தைத் தாமே தெரிவு செய்யும் உரிமையைத் திருநருக்கு உறுதி செய்தது. நம் 365 ஆம் பிரிவைப் போன்று அங்கிருந்த 377 ஆம் பிரிவு, வயது வந்தோர் மனமொத்து வாழ்வதைத் தண்டிக்க இயலாது என 2018 செப்டெம்பர் 6 இல் தீர்ப்பாயிற்று. ஊடுபாலாய்ப் பிறந்த மழலைகளுக்கு, உயிராபத்து இல்லாதபோதும் அறுவை மருத்துவம் செய்து ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டு அரசு 2019 இல் தடை செய்தது. அதற்குக் காரணமாயிருந்தது சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பு. இத்தகையோரை மதிப்போடு குறிக்கும் தமிழ்ச் சொற்களின் பட்டியலொன்றை 2022 இல் அவ்வரசு அரசிதழில் வெளியிட்டது. சொல்லின் அருமை அறிந்தோர் செய்த செயல் அது.

நம் தீவகத்தார் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். கனடா 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் முதன்முறையாக இவர்களை எண்ணிற்று. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருள் 59,460 பேர் தம்மைத் திருநர் என்றும், 41,355 பேர் இருமைசாராதோர் என்றும் பதிந்தனர். ஏறத்தாழ முந்நூற்றுவருக்கு ஒருவர் என்னும் அளவு அது. கேட்கத் துணிந்த நாட்டில் விடை கிடைத்தது. கேட்காத ஊரில் இத்தகையோர் இல்லை என்று கொள்ளுதல் முறையாகாது. தற்பால் ஈர்ப்புடைய ஒரு தமிழ்ச் சிறுவன் கொழும்பில் வளர்ந்த கதையை ஷியாம் செல்வதுரை என்னும் இலங்கை எழுத்தாளர் 1994 இல் ஆங்கில நாவலாக்கினார். பெண்பிள்ளைகளோடு சேர்ந்து மணமகள் விளையாட்டு விளையாட விரும்பிய பிள்ளையை உலகம் முழுவதும் அதன்மூலம் அறிந்தது.

மருத்துவம் என்ன கூறுகின்றது? உலக சுகாதார நிறுவனம் 1990 இல் தற்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2022 இல் நடைமுறைக்கு வந்த அதன் பதினோராவது வகைப்பாடு, பாலின இசைவின்மையையும் உளநோய்ப் பகுதியிலிருந்து அகற்றியது. நோயன்று எனின், மருந்து தேடி அலைதலும், மந்திரித்து நூல் கட்டுதலும், திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று இன்னொருவர் வாழ்வையும் பணயம் வைத்தலும் வீணே. அத்தகைய திருமணங்களில் அழிவது ஒரு வாழ்வன்று, இரண்டு வாழ்வு.

நோயன்று என்பதனால் துன்பமில்லை என்பதன்று. துன்பம் மிகுதியாக உண்டு. அது பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகின்றது. அமெரிக்காவில் கெய்ட்லின் ரயன் என்னும் ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் 2009 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தற்பால் ஈர்ப்பும் இருபால் ஈர்ப்பும் உடைய இளைஞரிடையே அது நிகழ்ந்தது. குடும்பத்தாரால் மிகுதியும் வெறுத்தொதுக்கப்பட்டோர், அவ்வாறு ஒதுக்கப்படாதோரிலும் 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றதாகக் கூறியிருந்தனர். இவ்வெண்ணைப் பெற்றோர் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். போரும் இடப்பெயர்வும் கடலும் நம்மிடமிருந்து எத்தனையோ பிள்ளைகளைப் பறித்தன. வீட்டின் சினத்துக்கும் நாம் ஒரு பிள்ளையைப் பலி கொடுக்கலாமோ?

ஆதலின் பெற்றோர் செய்யத்தக்கது யாது? முதலாவது, கேட்டல். பிள்ளை வாய் திறக்கும் நாளில், இடைமறிக்காமல் முழுவதும் கேட்டு, “சொன்னது நல்லது, நாங்கள் இருக்கிறோம்” என்று கூறுதல் போதும். அன்றே எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ளல் வேண்டியதில்லை. இரண்டாவது, அவசரப்படுத்தாமை. இளமை தேடும் பருவம். இன்று ஒரு சொல்லைத் தனக்குரியதாகக் கொண்ட பிள்ளை, நாளை வேறொன்றைக் கொள்ளலாம்; முதற் சொல்லிலேயே நிலைக்கவும் கூடும். அது மாறிவிடும் என்று அடம்பிடித்தலும் வேண்டாம், மாறலாகாது என்று கட்டிவைத்தலும் வேண்டாம். மூன்றாவது, மறை காத்தல். பிள்ளை தாயிடம் சொன்னது மாமியார் வீட்டுக்கும் கோயில் வீதிக்கும் செல்லலாகாது. யாரிடம், எப்போது சொல்வது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். உள்ளம் சோர்ந்து உயிரை வெறுக்கும் நிலை தோன்றுமாயின், தேசிய உளநல உதவி இலக்கமாகிய 1926 ஐ அழைத்தல் வேண்டும். கடல் கடக்காமலே அக்குரலை அடையலாம்.

ஆசிரியர்க்கும் சில கடமைகள் உண்டு. பட்டப்பெயர் கூறி நகைத்தலை வகுப்பில் அனுமதியாதிருத்தல் அவற்றுள் தலையாயது. ஆசிரியரே அதனைச் செய்வாராயின், பிள்ளைக்கு முறையிட இடமேது? ஆண் வரிசை, பெண் வரிசை என்று பிரிக்க வேண்டாத இடங்களில் பிரியாதிருக்கலாம். பெயரின் அகரவரிசையில் நிறுத்தினாலும் வரிசை நேராகவே நிற்கும். நாடகத்திலும் தையலிலும் விளையாட்டிலும் விருப்பத்தைக் கேட்டுச் சேர்க்கலாம். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

அழைக்கும் முறையிலும் நமக்கு ஒரு வாய்ப்பு உண்டு. எழுத்து வழக்கில் “அவர்” என்பது இருபாலுக்கும் பொது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலோ அது ஆண்மகனுக்குரியதாகி, பெண்ணுக்கு “அவா” என்னும் சொல் நிலைத்துவிட்டது. ஆயினும் முன்னிலையில் நாம் வழங்கும் “நீர்”, “வாரும்”, “இரும்” என்பன எவரையும் பால் கேட்பதில்லை. “பிள்ளை, வாரும்” என்று ஆசிரியர் அழைத்தால், வகுப்பிலுள்ள எந்தப் பிள்ளையும் தலைகுனியாமல் எழுந்து வரலாம். அன்பும் மதிப்பும் கலந்த அவ்வழக்கை நாம் புதிதாய் இயற்ற வேண்டியதில்லை. அதனைக் கைவிடாதிருந்தால் போதும்.

இடாப்பிலுள்ள நிரல்கள் எண்ணுவதற்காக வரையப்பட்டவை. அவை இன்றே மாறும் என்று நான் கூறவில்லை. மாறுவதற்குக் காலம் செல்லும். அதுவரையும் அப்பிள்ளைகள் காலையில் எழுந்து, சீருடை அணிந்து, வள்ளத்திலும் துவிச்சக்கர வண்டியிலும் நம் பாடசாலைகளுக்கு வந்துகொண்டேயிருப்பர். அவர்கள் க.பொ.த. சாதாரண தரத்தைத் தாண்டுவதும், உயர்தரத்துக்குச் செல்வதும், இருபது வயதைக் காண்பதும், வீட்டிலும் வகுப்பிலும் நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களைப் பெரிதும் பொறுத்துள்ளன. நல்ல சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றையே வழங்குவோமாக.